‘வீட்டில் வன்முறை உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் விடை வரும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியவை: கணவனோ துணையோ செய்யும் வன்முறையும் அதைப் பற்றிய ஆய்வுகளும். ஆய்விலும் மருத்துவத்திலும் சட்டத்திலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டோம்.

“‘திருமணமான பெண்கள் மீதான வன்முறையும் அதன் உளவியல் விளைவுகளும்’ என்பது என் இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு. கூகுள் படிவம் ஒன்றை வாட்ஸ்அப்பில் 100 பெண்களுக்கு அனுப்ப நினைக்கிறேன். போதுமா?”
– மாணவி, கோணேசபுரி

போதாது. அதைவிடப் பெரிய சிக்கல், முறையே பிழை. பல வீடுகளில் கைபேசி மனைவியின் கையில் இருந்தாலும் அதன் பூட்டுக்குறி கணவனுக்கும் தெரியும். உங்கள் படிவத்தை அவர் திறந்து பார்த்தால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியவராது. தவிர, வாட்ஸ்அப் குழுக்களில் உங்கள் தோழிகளும் அவர்களின் தோழிகளும்தான் இருப்பார்கள். இலக்கந்தைக்கோ ஈச்சிலம்பற்றைக்கோ அந்த இணைப்பு போய்ச் சேராது.

எண்ணிக்கைக்கு வருவோம். இலங்கையில் தேசிய மட்டத்தில் முதன்முதலாகச் செய்யப்பட்ட 2019ஆம் ஆண்டின் பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் என்று கண்டது. அதை 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 5 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டால், 95 சதவீத நம்பிக்கை மட்டத்துக்கு (இப்படி நூறு தடவை ஆய்வு செய்தால் ஏறத்தாழ 95 தடவை உண்மை விடை அந்த எல்லைக்குள் விழும் என்ற உறுதிக்கு) 246 பேர் வேண்டும். கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிவுசெய்து அவற்றுக்குள் வீடுகளை எடுப்பதானால், ஒரே ஊரார் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதற்காக அதை 1.5ஆல் பெருக்க வேண்டும்: 369. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று கணக்கிட்டால் 410. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்களை ஒப்பிட ஆசைப்பட்டால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக அத்தனை பேர் வேண்டும். இது ஒரு மாணவியால் தனியே முடிகிற காரியம் அல்ல.

கேள்வியை எப்படி அமைப்பது என்பது இதைவிட முக்கியம். “நீங்கள் வன்முறைக்கு உள்ளானீர்களா?” என்று கேட்டால், வாரத்துக்கு ஒருமுறை அறை வாங்குகிற பெண்ணும் “இல்லை” என்பார். அறைவதை அவர் வன்முறை என்ற கணக்கில் எடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, செயல்களை ஒவ்வொன்றாகக் கேட்டது. அறைந்தாரா, அல்லது எதையாவது எறிந்தாரா? தள்ளினாரா, தலைமுடியைப் பிடித்து இழுத்தாரா? கைமுட்டியால் குத்தினாரா? உதைத்தாரா, தரதரவென்று இழுத்தாரா? கழுத்தை நெரித்தாரா, வேண்டுமென்றே சுட்டாரா? கத்தியோ வேறு ஆயுதமோ காட்டினாரா, பாவித்தாரா? ஒவ்வொன்றுக்கும் கடந்த 12 மாதத்திலா, அதற்கு முன்பா, ஒரு தடவையா, சில தடவையா, பல தடவையா என்று தொடர்ந்து கேட்கும். மேல் மாகாணத்தில் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வு, உடல் வன்முறை மட்டும் 34 சதவீதம் என்றது. அதை வைத்து நாட்டின் மற்ற இடங்களைவிட அங்கே அடி கூட என்று எழுதிவிடாதீர்கள். கேள்விகளும் வயதெல்லையும் கேட்டவர்களின் பயிற்சியும் ஒன்றாக இல்லாத இரண்டு எண்களை அப்படி ஒப்பிட முடியாது.

களத்துக்கென்று எழுதிவைத்த விதிகள் உண்டு. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் பேச வேண்டும். அதே ஊரில் ஆண்களிடம் இதே கேள்விகளைக் கேட்கக் கூடாது. வெளியே ‘பெண்களின் ஆரோக்கியமும் வாழ்க்கை அனுபவங்களும்’ என்பது போன்ற பெயரில்தான் ஆய்வு அறியப்பட வேண்டும். 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை அருகில் இருக்கக் கூடாது. யாராவது உள்ளே வந்தால் மாற்றிக் கேட்க, மாதவிடாய், குடும்பக் கட்டுப்பாடு போன்ற விடயங்களில் ஒரு பொய்க் கேள்வித்தாள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பன்னாட்டு ஆய்வில் கேட்பவர்களுக்கு 3 வாரப் பயிற்சி கொடுத்தார்கள். கேட்டுவிட்டு வந்து அழுகிற நேர்காணலாளருக்கும் பேச ஆள் ஒழுங்கு செய்திருந்தார்கள். நாங்கள் ஒன்றைச் சேர்ப்போம்: அந்த ஊர்ப் பெண்ணையே அந்த ஊரில் கேட்கவிடாதீர்கள். சொன்னது சந்திக்கு வந்துவிடும் என்ற பயம் திருகோணமலையில் நியாயமான பயம்.

தலைப்பில் ‘விளைவுகள்’ என்றிருக்கிறது. ஒருமுறை மட்டும் கேட்கிற ஆய்வு விளைவைக் காட்டாது, தொடர்பைத்தான் காட்டும். துணையின் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு மனச்சோர்வு ஏறத்தாழ இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் கணக்கிட்டது. ஆனால் மனச்சோர்வில் இருக்கிற பெண் வன்முறையான உறவில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதல் என்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு பக்கமும் ஓடுகிற தொடர்பு அது. நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல்: 2004 சுனாமி, 2006இல் சம்பூர்ப் பக்கத்து இடப்பெயர்வு, காணாமற்போன உறவுகள். இவற்றைக் கேட்காமல் விட்டால், போரின் பாரம் முழுவதையும் கணவன் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பாதிக்கப்பட்ட பெண்களை விட்டுவிட்டு, அவர்களுக்கு உதவும் 12 முதல் 15 உத்தியோகத்தர்களை நேர்காணுங்கள் என்பதே எங்கள் யோசனை. பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், பொலிஸ் பெண்கள் சிறுவர் பிரிவினர் ஆகியோரிடம், முறைப்பாடு எங்கே நின்றுபோகிறது என்று கேளுங்கள். நல்ல ஆய்வு வரும், யாருக்கும் ஆபத்தில்லை. அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் எடுங்கள்.

“நான் குடும்பநல உத்தியோகத்தர். கிளினிக்குக்கு மாமியாரோடு வருகிற கர்ப்பிணி ஒருவரின் கையில் விரல் அழுந்திய தழும்பு கண்டேன். எப்படிக் கேட்பது?”
– மூதூர்

மாமியார் இருக்கும்போது கேட்காதீர்கள். “உள்ளே தாய் மட்டும்” என்பதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொது விதியாக்கிவிட்டால் இவர் ஒருவரைப் பிரித்தெடுத்ததாகத் தோன்றாது. நிறை பார்க்கும் நேரம் அதற்குப் போதும்.

கேள்வி நேராக, ஆனால் மெதுவாக இருக்கட்டும். “கனபேர் வீட்டில் பிரச்சினையோடு வருவார்கள், அதனால் எல்லாரிடமும் கேட்கிறேன். உங்களுக்கு அவர் கைநீட்டுவதுண்டா? அவருக்குப் பயப்படுகிறீர்களா?” இரண்டாவது கேள்வியை விடாதீர்கள். அடி இல்லாத வீட்டிலும் பயம் இருக்கும். “இல்லை” என்றால் வற்புறுத்தாதீர்கள், அடுத்த மாதம் திரும்பக் கேளுங்கள். தனியிடமும் பயிற்சியும் அனுப்புவதற்கு ஓரிடமும் இல்லாமல் எல்லோரையும் துருவித் துருவிக் கேட்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் காயமோ காரணமில்லாத தொடர் வலியோ பிந்திய பதிவோ இருந்தால் கேட்கச் சொல்கிறது. வன்முறைக்கு உள்ளான தாய்மாருக்கு நிறை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூட என்பது அதே 2013 கணக்கு. ஆகவே இது உங்கள் வேலைக்கு வெளியே உள்ள விடயம் அல்ல.

“ஓம்” என்று சொன்னால், முதலில் நம்புங்கள். “ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?” என்று கேட்காதீர்கள். “விட்டுட்டு வா” என்றும் சொல்லாதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போகப் பயமா என்று கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் கர்ப்பப் பதிவேட்டில் எதையும் எழுதாதீர்கள், துண்டுப்பிரசுரமும் கொடுக்காதீர்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், நாலு இலக்கம்தானே. சுகாதார அமைச்சின் வைத்தியசாலைகளில் இயங்கும் மிதுரு பியச, தமிழில் நட்பு நிலையம், இதற்கென்றே அமைந்தது. “வைத்தியசாலைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்” என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம்.

“குடியை நிறுத்தினால் அடியும் நின்றுவிடும்தானே?”
– கன்னியா

சில வீடுகளில் குறையும், நிற்கும் என்று சொல்ல முடியாது. குடி, அடியின் எண்ணிக்கையையும் காயத்தையும் கூட்டுகிறது என்பதில் ஆய்வுகளுக்குள் பெரிய சண்டையில்லை. ஆனால் குடிக்காமல் அடிப்பவர்களும், குடித்துவிட்டு அடிக்காதவர்களும் ஏராளம். முதலாளிக்கு முன்னால் வெறியிலும் கையை அடக்கத் தெரிந்தவருக்கு வீட்டில் மட்டும் அது ஏன் தெரியவில்லை என்று யோசியுங்கள்.

“அக்காவை அத்தான் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறார். காயம் ஒன்றும் இல்லை. அக்கா பெரிதாக எடுக்கவில்லை. நாங்கள் எடுக்க வேண்டுமா?”
– உப்புவெளி

எடுக்க வேண்டும், இன்றைக்கே. அமெரிக்காவில் கொலையான பெண்களையும் கொலைமுயற்சிக்குத் தப்பியவர்களையும் மற்ற வன்முறைக்கு உள்ளானவர்களோடு ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்டிருந்த பெண் பின்னர் கொலையாகும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். அறையும் உதையும் ஒரு வகை. கழுத்தில் கை வைப்பது வேறு வகை.

காயம் இல்லை என்பது ஆறுதல் தராது. 2001இல் வெளியான, 300 பொலிஸ் முறைப்பாடுகளைப் பார்த்த ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேரின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் அடையாளமே இல்லை. கேட்க வேண்டியவை: குரல் கரகரத்ததா, விழுங்க வலிக்கிறதா, கண் வெள்ளையில் அல்லது இமைக்குள் சிவப்புப் புள்ளிகள் வந்தனவா, நினைவு தப்பியதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். “விழுந்துவிட்டேன்” என்று சொல்லாமல் நடந்ததை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரி அதைப் பதிய வேண்டும். நாலு நாள் தாமதித்தால் நகக்கீறலும் மாறிவிடும்.

சட்டத்தில், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் அக்காவே விண்ணப்பிக்கலாம், அவர் சார்பில் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். அக்கா உங்கள் வீட்டில் தங்கியிருந்தால் அந்த இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம். அவசரமென்று நீதவான் கண்டால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுத்து 14 நாளுக்குள் விசாரணை வைப்பார். இறுதிக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். அடி மட்டுமல்ல, தொடர்ந்து கொடுமையாக இழிவுபடுத்துவதும் இதற்குள் வரும். நெரித்த குற்றத்துக்கான முறைப்பாடு வேறு, அதைத் தனியாகப் பதிய வேண்டும். இடையில் சிக்குவது எங்கே தெரியுமா? “இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பண்ணி விடுவோம்” என்கிற மேசையில். அங்கே முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் எழும்பாதீர்கள்.

பிரிந்து போகும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. எனவே “போகிறேன்” என்று அக்கா அத்தானிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து ஆகியவற்றை ஒவ்வொன்றாக உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். தாதியரான ஜாக்குலின் கேம்பல் உருவாக்கிய 20 கேள்விகள் கொண்ட, பெண் கொலையாகும் ஆபத்தை அளக்கும் அபாய மதிப்பீடு, கடந்த ஓராண்டின் சம்பவங்களை முதலில் நாட்காட்டியில் குறிக்கச் சொல்லும். புள்ளி போடும் முறை அமெரிக்கத் தரவிலிருந்து வந்தது. அங்கே துப்பாக்கிக்குக் கொடுத்த எடை இங்கே பொருந்தாது. ஆனால் நாட்காட்டியை எடுத்து உட்கார்ந்தால், “எப்பவாவதுதான்” என்று சொன்ன அக்காவே மாதத்துக்கு மூன்று குறி போடக்கூடும்.

“ஆண்களும் அடி வாங்குகிறார்கள். அதை ஏன் யாரும் ஆராய்வதில்லை?”
– தம்பலகாமம்

ஆராய்கிறார்கள். சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட, குடும்ப மோதலை அளக்கும் அளவுகோலை வைத்து எண்ணினால் இரு பாலாரும் ஏறத்தாழச் சமமாக அடிப்பதாக வந்தது. அந்த அளவுகோல் அடியை எண்ணியது. யார் பயத்தில் இருந்தார், எதற்காக அடித்தார், யாருக்கு எலும்பு முறிந்தது என்பதை அது எண்ணவில்லை. 1996இல் திருத்தியபோதுதான் காயத்தையும் பாலியல் வற்புறுத்தலையும் சேர்த்தார்கள். வாக்குவாதம் முற்றிக் கைநீட்டுவதையும், ஒருவரை முழுமையாக அடக்கி ஆள அடியைப் பயன்படுத்துவதையும் 1995இல் சமூகவியலாளர் மைக்கேல் ஜோன்சன் பிரித்துக் காட்டினார். முதலாவதில் இரு பாலாரும் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் ஆண்கள் செய்வது. ஆனால் அடி வாங்கும் ஆணுக்கும் மேலே சொன்ன சட்டம் அப்படியே பொருந்தும்.

“எங்கள் மாதர் சங்கத்தில் கடன் கொடுக்கிறோம். கையில் காசிருந்தால் பெண்ணுக்கு அடி குறையுமா?”
– குச்சவெளி

காசு மட்டும் போதாது. தென்னாபிரிக்காவின் லிம்போப்போ பகுதியில் 8 கிராமங்களில் செய்து 2006இல் வெளியான ஆய்வில், கடனோடு ஆண்-பெண் உறவு பற்றிய பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தபோது கடந்த ஓராண்டு வன்முறை 55 சதவீதம் குறைந்தது. பிறகு கடன் மட்டும் கொடுத்த கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். அங்கே பொருளாதாரம் முன்னேறியது, வன்முறையில் அதே குறைவு தெரியவில்லை. பயிற்சி என்பது கடன் கூட்டத்தோடு சேர்த்து நடந்த 10 அமர்வுகள், அதன்பின் ஊரைத் திரட்டும் வேலை. உகண்டாவின் கம்பாலாவில் ஆண்களையும் சேர்த்துச் செய்த இன்னொரு திட்டம், 2014இல் உடல் வன்முறை 52 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. ஆனால் உண்மை விடை இருக்கக்கூடிய புள்ளிவிவர எல்லை மிக அகலம், தற்செயலாகவும் வந்திருக்கலாம். அந்த எண்ணைத் திட்ட அறிக்கைகளில் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

உங்கள் சங்கத்துக்கு: கடன் யார் பெயரில், காசு யார் கையில் என்பதைத் தனித்தனியாகக் கேட்டுப் பதியுங்கள். மனைவி பெயரில் எடுத்த கடனைக் கணவன் செலவழித்து, தவணை கேட்டு வருகிறவருக்கு மனைவி பதில் சொல்கிற வீடு, கடனாலேயே அடி கூடக்கூடிய வீடு. அங்கே அடுத்த கடனைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பெண்ணோடு ஒருவர் தனியே பேசட்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டாம்.