அக்ரிமென்ட்டில் கன்சல்டன்ட், வாசலில் கைரேகை

கேள்வி: 2025 ஏப்ரலில் அண்ணா நகரில் ஓர் இன்டீரியர் டிசைன் அலுவலகத்தில் சேர்ந்தேன். மாதம் 45,000 ரூபாய் என்று பேசினார்கள், கைக்கு வருவது 40,500. சம்பளக்காரருக்குத் தரும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16 கேட்டால், மற்றவர்களுக்குத் தரும் 16ஏ தருகிறார்கள், பிஎஃப் கிடையாது, கேட்டால் "நீங்கள் ஸ்டாஃப் இல்லை, கன்சல்டன்ட்" என்கிறார்கள். ஆனால் காலை 9.30க்குள் விரல் வைக்காவிட்டால் அரை நாள் காசு போய்விடுகிறது. நான் யார் சார்? பிடித்த பணம் திரும்ப வருமா?
- வாசகி, வில்லிவாக்கம்

பதில்: பணம் வரும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதம் 4,500 வீதம் வருஷத்துக்கு 54,000. தொழில்முறைக் கட்டணம் என்று காட்டி, வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்பிடித்த வரி, பிடித்திருக்கிறார்கள். உங்கள் வருஷ வருமானம் 5,40,000. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரர் என்றால் 75,000 நிலையான கழிவையும் சேர்த்து 12,75,000 வரை இல்லை. ஊழியராகவே வைத்திருந்தால் மாதாமாதம் முழுசாக 45,000 வந்திருக்கும். இப்போது ரிட்டர்ன் போட்டால்தான் 54,000 திரும்பும், போடாவிட்டால் போனது போனதுதான். அதற்கு முன் 26ஏஎஸ்ஸை, அதாவது உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவத்தைத் திறந்து, பிடித்ததையெல்லாம் உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

சரி, நீங்கள் யார்? ஒருவரிடம் வேலைக்கு இருப்பது வேறு, ஒருவருக்கு வேலை செய்து கொடுப்பது வேறு. உங்கள் சைட்டுக்கு வரும் கார்பென்டரையே பாருங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று அவரே ரேட் பேசுகிறார், ரம்பமும் டிரில்லும் அவருடையது, கூட இரண்டு பையன்களை அவரே கூட்டி வருகிறார், வார்ட்ரோப் கதவு கோணலாக நின்றால் தன் செலவில் கழற்றி மாட்டுகிறார், நாளைக்கு வேறொருவர் வீட்டு வேலைக்குப் போய்விடுவார். அவர்தான் கான்ட்ராக்டர். அவருக்கு 194சி பிரிவில் 1 சதவீதம் பிடிப்பது சரி.

இப்போது உங்கள் பக்கம் வாருங்கள். கம்ப்யூட்டர் யாருடையது? காய்ச்சல் என்றால் உங்களுக்குப் பதிலாகத் தோழியை அனுப்பி வரையச் சொல்ல முடியுமா? முகப்பேரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டு வேலை கொடுத்தால் நீங்களாக எடுத்துச் செய்யலாமா? லீவுக்கு யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள்? வரைபடம் தப்பானால் நஷ்டம் யாருக்கு? இதற்கெல்லாம் நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அந்த விரல் வைக்கும் மெஷின் ஒன்றே முக்கால்வாசி சொல்லிவிட்டது. நீங்கள் ஊழியர்தான் என்பது என் உறுதியான கருத்து.

அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். நீதிமன்றங்கள் தாளில் உள்ள பெயரோடு நிற்பதில்லை, நடப்பது என்ன என்று பார்க்கின்றன. தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு என்று ஒன்று, 1957 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சௌராஷ்டிரத்தில் உப்பு விளைவிக்கும் அகாரியாக்களைப் பற்றியது. அவர்களுக்கு வேலை நேரம் கிடையாது, விளைந்த உப்புக்கு எடைக் கணக்கில் காசு, குடும்பத்தோடு வேலை செய்தார்கள், வேண்டுமானால் கூலிக்கும் ஆள் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி அவர்களைக் கான்ட்ராக்டர்கள் என்றது. பாத்தி கட்டுவதிலிருந்து உப்பு விளைவது வரை கம்பெனி மேற்பார்வை இருந்ததால், அவர்கள் தொழிலாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நேரமே குறிக்காத அவர்களே தொழிலாளர்கள் என்றால், 9.31க்கு அரை நாள் இழக்கும் நீங்கள் யார்?

அந்த வழக்கு தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனால் வரி, பிஎஃப், விபத்து இழப்பீடு என்று எங்கே இந்தக் கேள்வி எழுந்தாலும் அதே சோதனைகளைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆனால் ஊழியரா இல்லையா என்று பார்க்கும் விதம் மாறவில்லை.

பிஎஃப் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடமாக இருந்தாலும், பிஎஃப்புக்கான சம்பளம் 15,000க்கு மேல் என்று முதன்முறையாக வேலைக்குச் சேர்பவருக்கு அது கட்டாயமில்லை. பழைய வேலையில் உங்களுக்கு யுஏஎன் என்ற பிஎஃப் எண் இருந்து, அந்தக் கணக்கை முடிக்காமல் இருந்தால், கதை வேறு. என்னைக் கேட்டால் பிஎஃப்பைவிடப் பெரிய இழப்பு பேறுகால விடுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள அலுவலகத்தில் ஊழியருக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, கன்சல்டன்டுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. இருபத்தைந்து, முப்பது வயதுப் பெண்கள் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

ரிட்டர்ன் போடும்போது யாராவது, சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கான பிரிவைச் சொல்லி, "44ஏடிஏவில் போடு, வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும்" என்பார்கள். இன்டீரியர் வேலை அந்தப் பிரிவுக்கான தொழில்களின் பட்டியலில் இருப்பதும் உண்மை. உங்களுக்கு எப்படிப் போட்டாலும் வரி பூஜ்யம்தான், பிறகு எதற்கு? நாளைக்கு நீங்கள் ஊழியர் உரிமை கேட்டால், "தொழில் வருமானம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்று அதையே எடுத்து நீட்டுவார்கள். எந்தப் பிரிவில் டிடிஎஸ் பிடித்தார்கள் என்பது உங்கள் வருமானத்தின் தலைப்பை முடிவு செய்யாது. சம்பளம் என்றே காட்டலாம். 16ஏ இருப்பதால் துறையிலிருந்து விளக்கம் கேட்கலாம், அதனால் ஓர் ஆடிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். லீவு கேட்டு அனுப்பிய மெயில், வருகைப் பதிவு, மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அலுவலகத்துக்கு வெளியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் போய் நியமனக் கடிதம் கேளுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் சிறிய பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு நாள் ஒரு ஆர்த்தோ டாக்டர் (பல் வரிசையைச் சீராக்குபவர்) வந்து போகிறார், அவருக்கு பில்லில் 40 சதவீதம். மாதச் சம்பளத்தில் ரிசப்ஷனிஸ்ட், இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் 'புரொஃபஷனல் ஃபீஸ்' என்று எழுதிவிட்டால் பிஎஃப், இஎஸ்ஐ தொல்லை இல்லை என்கிறார் நண்பர்.
- பல் மருத்துவர், வேளச்சேரி

பதில்: டாக்டரை அப்படி எழுதலாம். மற்ற மூவரை எழுதாதீர்கள்.

உங்கள் ஆர்த்தோ டாக்டர் நாலு கிளினிக்குக்குப் போகிறவர், தன் நேரத்தைத் தானே சொல்கிறவர், நோயாளி வராவிட்டால் அவருக்கும் வரவு இல்லை. சுசீலாபென் காந்தி வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதைத்தான் அலசியது. ஒரு கண் மருத்துவமனையின் மினிபஸ் விபத்தில் அங்கு பணிசெய்த டாக்டர் இறந்துபோனார். அவர் ஊழியர், ஆகவே எங்கள் பொறுப்பு குறைவு என்றது இன்சூரன்ஸ் கம்பெனி. ஒப்பந்தம் முழுவதையும் வைத்துப் பார்த்து, அவர் ஊழியர் அல்ல என்று நீதிமன்றம் சொன்னதால் குடும்பத்துக்கு முழு இழப்பீடு கிடைத்தது.

ரிசப்ஷனிஸ்ட் கதை அப்படியா? சாவியைக் கொடுத்துக் காலையில் கிளினிக்கைத் திறக்கச் சொல்வது நீங்கள். அதோடு, பிஎஃப் 20 பேர் இருந்தால்தான் கட்டாயம், இஎஸ்ஐ 10 பேர் இருந்தால்தான். நீங்கள் வைத்திருப்பது மூன்று பேர். இல்லாத தொல்லைக்குப் பயந்து அந்தப் பெண்களை ஏன் வெளியாள் ஆக்க வேண்டும்? சம்பளம் என்றே எழுதுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றவன், 67 வயது. பாரிமுனையில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நான் அவர்களுக்கு ஊழியனா? தொழில் வரி யார் கட்டுவது?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஊழியர் இல்லை ஐயா, உங்கள் நேரம், உங்கள் லேப்டாப், மூன்று கடை. பென்ஷன் சம்பளத் தலைப்பில் வரும், இது தொழில் வருமானம். தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை நீங்களே மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும், அதிகபட்சம் 1,250 ரூபாய். 60 வயதைத் தாண்டியவருக்கு முன்கூட்டிய வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கிடையாது என்று சொல்வது தொழில் வருமானம் இல்லாதவர்களுக்குத்தான். டிடிஎஸ் போக உங்கள் வரி 10,000 ரூபாயைத் தொட்டால் நீங்கள் கட்டியாக வேண்டும், 44ஏடிஏவில் போகிறீர்கள் என்றால் மார்ச் 15க்குள் ஒரே தவணை.