பட்டறை பதில்கள்: ஆறு இஞ்ச் எதற்கு, தம்பி?

கேள்வி: அண்ணா, என்னிடம் 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ்.100 இருக்கிறது. சிலிண்டர் போர்ட்டிங் (காற்று போய்வரும் துளைகளைப் பெரிதாக்குவது) செய்து, பெரிய கார்புரேட்டர், எக்ஸ்பான்ஷன் சேம்பர் (பந்தய சைலன்சர்) எல்லாம் போட்டாகிவிட்டது. டிராக் (drag) பந்தயத்தில், அதாவது நேர்ப்பாதையில் யார் வேகம் என்று பார்க்கும் பந்தயத்தில், ஓட்ட ஆசை. கிளட்சை விட்டதும் முன்சக்கரம் தூக்குகிறது. ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் டைம் போய்விடுகிறது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மை 6 இஞ்ச் நீட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? இந்த வண்டியில்தான் தினமும் வேலைக்கும் போகிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: நீட்டலாம், தம்பி. ஆனால் 6 இஞ்ச் வேண்டாம். வேலைக்குப் போகிற வண்டியில் வேண்டவே வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முன்சக்கரம் ஏன் தூக்குகிறது? வண்டியும் நீங்களும் சேர்ந்த எடைக்கு ஒரு மையம் உண்டு. பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்த மையம் எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இந்த இரண்டு அளவுதான் கணக்கு. முன்தூரத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். முன்சக்கரம் தூக்காமல் வண்டி எத்தனை ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் எத்தனை மடங்கு) வரை பாயலாம் என்பது வந்துவிடும். உங்கள் வண்டி மாதிரியான ஒன்றுக்குத் தோராயமாக முன்தூரம் 600 மி.மீ., உயரம் 700 மி.மீ. என்று வைப்போம். 0.86 ஜி வருகிறது. அதற்கு மேல் இழுத்தால் முன்சக்கரம் வானம் பார்க்கும்.

உங்கள் நண்பர்கள் சொல்கிற 6 இஞ்ச், அதாவது 150 மி.மீ. நீட்டினால் அது 1.07 ஆகும். ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது ரோட்டு டயர். காய்ந்த தாரில் அது ஏறக்குறைய 1 ஜி வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் முன்சக்கரம் தூக்காது, பின்டயர் வழுக்கும். கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து டயரை அழுத்துவது டிராக் வண்டிக்கு வேண்டிய ஒன்று. அளவுக்கு மீறி நீட்டினால் அந்த அழுத்தத்தை நாமே எடுத்துவிடுகிறோம்.

அதனால் முதலில் உயரத்தைக் குறையுங்கள். முன் ஃபோர்க்கை அதைப் பிடித்திருக்கும் டிரிப்பிள் கிளாம்பில் மேலே ஏற்றிப் பிடியுங்கள், பின்னாலும் அதற்கு ஏற்றபடி இறக்குங்கள். நீங்களும் டேங்க்மேல் படுத்து ஓட்டுங்கள். மையம் 50 மி.மீ. இறங்கினாலே 0.92. அதோடு 75 மி.மீ., அதாவது 3 இஞ்ச் நீட்டினால் 1.04. உங்கள் டயருக்கு இதுவே போதும். இஞ்சின் எதுவும் தொடாத 11 குதிரைத் திறன் ஆர்.எக்ஸ்.100 என்றால் நீட்டவே வேண்டாம் என்றிருப்பேன். அதில் முதல் சில மீட்டர் தாண்டினால் முன்சக்கரத்தைத் தூக்க பலம் கிடையாது.

சரி, 3 இஞ்ச் நீட்டுகிறோம். ஆர்ம் நீளமாவது மட்டும் நடப்பதில்லை. உங்கள் ஆர்ம் பிவட்டிலிருந்து (சட்டத்தில் அது மாட்டி ஆடும் இடம்) ஆக்ஸில் வரை 450 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள் (டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்). 525 ஆக்கி, ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டைப் பழைய இடத்திலேயே விட்டால், சக்கரத்தில் ஸ்பிரிங்கின் பலம் நீள விகிதத்தின் வர்க்கப்படி குறையும். பழைய பலத்தில் 73 சதவீதம்தான் மிஞ்சும். 6 இஞ்ச் நீட்டியிருந்தால் 56. போல்ட்டையும் பின்னால் தள்ளினால் ஷாக் படுத்துக்கொள்ளும், அதுவும் மென்மைதான். ஆக, கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். பந்தயத்துக்கு மட்டுமான வண்டிகளில் ஷாக்கைக் கழற்றிவிட்டு இரும்புத் தண்டு போடுவதும் உண்டு, வழவழப்பான பந்தயப் பாதையில் மட்டும்.

செயின் இரண்டு பக்கமும் போய்வருகிறது, அதனால் 75 மி.மீ. நீட்டினால் 150 மி.மீ. செயின் கூடுதலாக வேண்டும். உங்களுடையது 428 செயின், ஒரு லிங்க் 12.7 மி.மீ. 12 லிங்க் சேர்த்தால் ஆக்ஸில் அதன் பள்ளத்தில் ஒரு மி.மீ. பின்னால் போய் நிற்கும், அவ்வளவுதான். லிங்க்கை எப்போதும் இரட்டைப்படையில் சேருங்கள். நீளமான செயின் தொங்கி ஆடும், கீழே ஒரு ரோலர் வையுங்கள்.

பின்பிரேக்கை யாரும் நினைப்பதில்லை. உங்களுடையது டிரம். பிரேக் ராடை நீட்டுவார்கள். பிரேக் பிளேட்டைச் சுழலாமல் பிடித்திருக்கும் ஆங்கர் பட்டையைச் சில பேர் கம்பி வைத்துக் கட்டிவிடுவார்கள். அது பிய்ந்தால் பிளேட் சுற்றிக்கொண்டு சக்கரம் பூட்டிவிடும். புதுப் பட்டை செய்யுங்கள், நல்ல போல்ட், காட்டர் பின்னோடு.

இனி வெல்டிங். எனக்குத் தூக்கம் போன இடம் இது. அல்சூரில் பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு பையனுக்கு ஜிக் (வெல்டு பிடிக்கும்போது ஆர்மை அசையாமல் பிடிக்கும் தாங்கி) இல்லாமல், கண்ணால் பார்த்தே ஒரு ஆர்மை நீட்டிக் கொடுத்தேன். டேக் (அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டு) அடித்தபோது நேராகத்தான் இருந்தது. முழு வெல்டு பிடித்ததும் சூட்டில் இழுத்து ஒரு பக்கம் 4 மி.மீ. சாய்ந்திருக்கிறது. நான் மறுபடி அளக்கவில்லை. மூன்றாம் கியரில் செயின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து ஏறி விழுந்தது. பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. அவன் அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஜிக் இல்லாமல் நான் ஒரு ஆர்மையும் தொட்டதில்லை.

ஜிக் என்றால் 20 மி.மீ. தகடு, அதில் பிவட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் லேத்தில் கடைந்த இரண்டு டம்மி தண்டுகள். ஆர்மைச் சாய்வாக வெட்டுங்கள், நேர்வெட்டு வேண்டாம். உள்ளே இறுக்கமாக நுழைகிற ஸ்லீவ் போட்டு, துளை வழியாகவும் வெல்டு பிடியுங்கள். இடம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். ஜிக்கிலேயே தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்புறம் பிவட் முனையிலிருந்து எதிர்ப்பக்க ஆக்ஸில் முனைக்குக் குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஆர்ம் வேண்டாம்.

இவ்வளவும் இரண்டாவதாக வாங்குகிற பழைய ஆர்மில் செய்யுங்கள். ஜே.சி. ரோடு பக்கம் தேடினால் கிடைக்கும். ஒரிஜினல் ஆர்ம் அப்படியே இருக்கட்டும். பிவட் போல்ட், ஆக்ஸில், ஷாக் போல்ட் கழற்றி மாற்ற ஒரு சாயங்காலம் போதும். பந்தயத்துக்கு வண்டியை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஆர்.சி.யில் வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம்) பதிவாகியிருக்கிறது. அதை மாற்றி ரோட்டில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிர். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், நீண்ட வண்டி வளைவில் சீக்கிரம் திரும்பாது. ராஜாஜிநகர் சிக்னலில் ஆட்டோ குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: கே.டி.எம். டியூக் 390-ன் அலுமினிய ஆர்மை வெட்டி நீட்டித் தர முடியுமா?
வாசகர், எஜிபுரா

பதில்: செய்ய மாட்டேன், மன்னிக்கவும். அது வார்த்தெடுத்த அலுமினியம். உள்ளே அடைபட்ட காற்று வெல்டில் குமிழியாக வெளிவரும், மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே துளை. தேவைப்பட்டால் ஸ்டீல் குழாயில் முழு ஆர்மும் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். பின்சக்கர ஏ.பி.எஸ். சென்சார் வயர், பிரேக் ஹோஸ் இரண்டும் எட்டுமா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என் மகன் டிராக் ரேஸ் என்று அலைகிறான். இது சட்டப்படி நடக்கிற விளையாட்டா, ரவுடித்தனமா?
ஒரு தாய், மர்பி டவுன்

பதில்: அம்மா, பந்தயத்துக்கான ட்ராக்கில் (track) நடந்தால் விளையாட்டுதான். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் கீழ் தேசிய சாம்பியன்ஷிப் நடக்கிறது, நம் ஊரிலிருந்து சுமார் 300 கி.மீ. தள்ளி இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓடியிருக்கிறார்கள். நேர்ப்பாதை ஓட்டம். பெங்களூர்க்காரர் ஹேமந்த் முத்தப்பா அதில் பல முறை சாம்பியன். ரோட்டில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு, முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை உண்டு. மகனிடம் லைசென்ஸ் எடுத்தானா என்று கேளுங்கள், சாலை லைசென்ஸ் இல்லை, எஃப்.எம்.எஸ்.சி.ஐ. போட்டி லைசென்ஸ். முழு முக ஹெல்மெட், தோல் சூட், பூட், கையுறை வாங்கினானா என்று பாருங்கள். அவை இல்லாமல் ஸ்டார்ட் லைனுக்கு விடமாட்டார்கள். இவை இருந்தால் பணம் கொடுத்து உதவுங்கள், முடிந்தால் ஒரு தடவை கூடவே போய்ப் பாருங்கள். ராத்திரி 1 மணிக்கு வெறும் சட்டையோடு கிளம்புகிறான் என்றால், சாவியை வாங்கி உள்ளே வையுங்கள் அம்மா.