ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தீர்களா? – தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வு: கேள்வி பதில்

22 வருஷமாக ஆலைகளுக்குள் பாதுகாப்பு ஆய்வு செய்து வருகிறேன். வார்ப்படம், ரசாயனம், பேக்கிங் என்று கலவையான அனுபவம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சட்டப் பிரிவுகள் நாட்டுக்கு நாடு மாறும், அவற்றை உங்கள் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்கும் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த பாதுகாப்பு அலுவலர்): நாளைக்கு என் முதல் ரவுண்ட் சார். 140 வரி செக்லிஸ்ட் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: செக்லிஸ்ட்டை மடித்துப் பையில் வையுங்கள். அது கடைசி அரை மணி நேரத்துக்குத் தேவைப்படும். முதலில் ஏதாவது ஒரு மெஷின் பக்கத்தில், யார் வழியையும் மறிக்காமல், 15 நிமிஷம் சும்மா நில்லுங்கள். முதல் 5 நிமிஷம் எல்லோரும் உங்களுக்காக ஒழுங்காக வேலை செய்வார்கள். அப்புறம் நீங்கள் நிற்பதையே மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள்.

ஆலை வாங்கித் தராத பொருள் எது கண்ணில் பட்டாலும் அருகில் போய்ப் பாருங்கள். கதவு சுவிட்சில் செருகிய அட்டை, சென்சார் மேல் ஒட்டிய டேப், ஆபரேட்டர் தானே செய்துகொண்ட கருவி. ஒரு முறை ஒரு கன்வேயரின் வால் உருளைக்குப் பின்னால் ஒரு கம்பி தொங்கியது. இரண்டு முழ நீளம், நுனி கொக்கியாக வளைத்தது, பிடியில் பழைய துணி சுற்றியிருந்தது. அந்தத் துணி கறுத்து, கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. நேர் மேலே 'பெல்ட் ஓடும்போது சுத்தம் செய்யாதீர்' என்று ஒரு பலகை, பெயின்ட் வாசனை போகாத புதுப் பலகை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஓடுகிற பெல்ட்டுக்குள் அந்தக் கொக்கி போகிறது என்று துணியைப் பார்த்தாலே தெரிந்தது. உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் கொக்கி மாட்டினால் பிடித்திருக்கும் கையும் கூடவே போகும். விட்டுவிடலாம் என்று நினைப்பதற்குக்கூட நேரம் இருக்காது.

நான் யாரையும் திட்டவில்லை. "எதுக்குண்ணே இது?" என்று கேட்டேன். பெல்ட்டை வழித்துவிடும் ரப்பர் பட்டை தேய்ந்து இரண்டு மாதமாம். அதனால் சரக்கு உருளையில் அப்பிக்கொள்கிறது. பெல்ட்டை நிறுத்தினால் மறுபடி ஓட்ட மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். இதுதான் கதை. ரப்பர் பட்டையை மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்துப் போனபோது கொக்கி அதே இடத்தில் துருப்பிடித்துத் தொங்கியது.

அந்த ஆலையின் செக்லிஸ்ட்டில் 'கன்வேயரில் கார்டு உள்ளதா', அதாவது கை நுழையாதபடி தடுக்கும் மறைப்பு உள்ளதா, என்ற வரிக்கு வருஷம் பூராவும் 'ஆம்' என்று டிக் போட்டிருந்தார்கள். உண்மைதான், கார்டு இருந்தது. கீழே ஒரு ஆள் கை தாராளமாக நுழையும் இடைவெளியும் இருந்தது.

கேள்வி: முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதா, திடீரென்று போவதா?

பதில்: இரண்டும் தேவை. எப்போது போகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். காலை 10 மணிக்கே போய்க்கொண்டிருந்தால் காலை 10 மணி ஆலையை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். ராத்திரி 3 மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், விடுமுறை நாளில் மெயின்டனன்ஸ் நடக்கும்போது போய்ப் பாருங்கள். அது வேறு ஆலை.

கேள்வி (எலக்ட்ரீஷியன்): பிரேக்கரை ஆஃப் செய்து 'வேலை நடக்கிறது' என்று டேக் மாட்டிவிட்டால் போதுமா சார்? பூட்டு கட்டாயமா?

பதில்: போதாது. டேக் ஒரு அட்டை, அது யாரையும் தடுக்காது. வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட வேண்டும், சாவி அவரவர் பையில் இருக்க வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு.

பூட்டியதும் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். என் கவலையெல்லாம் அடுத்த படியில்தான். மெஷின் பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஓடவில்லையா, சரி. சுவிட்சை மறுபடி ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான் இதை ஒரு கிளிப்பிள்ளை மாதிரி சொல்லக் காரணம் உண்டு. ஓர் ஆலையில் '4' என்று எழுதிய பிரேக்கரைப் பூட்டிவிட்டு 4ஆம் பம்பைக் கழற்றப் போனார்கள். அழுத்திப் பார்க்கச் சொன்னேன், பம்ப் ஓடியது. எப்போதோ பேனல் மாற்றியவர்கள் 4க்கும் 5க்கும் பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பேனர் பிடித்திருந்த பையன் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

கரண்ட் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். ஹைட்ராலிக் அக்குமுலேட்டரில் தேங்கிய அழுத்தம், இறுகிய ஸ்பிரிங், தூக்கி நிறுத்திய பாரம், குழாயில் மிச்சமிருக்கும் நீராவி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் – இவை எதற்கும் நீங்கள் பிரேக்கரை ஆஃப் செய்தது தெரியாது. வடித்து, இறக்கி, முட்டுக்கொடுத்து, வெளியேற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எங்கே என்ன பழுது வேலை நடக்கிறது என்று எழுதும் பெர்மிட் தாள் ஷிஃப்ட் மாறும்போது கை மாறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பைப்பர் ஆல்ஃபா. வடகடலில் இருந்த எண்ணெய் மேடை, 1988 ஜூலை 6. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தை ஒரு மூடித் தகட்டால் அடைத்திருந்தார்கள். ராத்திரி ஷிஃப்டுக்கு அது தெரியவில்லை. மற்ற பம்ப் நின்றுபோக, இதை ஓட்டினார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஆகவே ஆய்வில் பெர்மிட்டைப் பார்க்கும்போது கையெழுத்தை எண்ணாதீர்கள். அடுத்த ஷிஃப்ட் ஆளைக் கூப்பிட்டு, "இங்கே எது கழற்றிக் கிடக்கிறது?" என்று கேளுங்கள்.

கேள்வி: தீயணைப்பான் எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

பதில்: மாதம் ஒருமுறை கண்ணால். பின், சீல், முள் பச்சையில் இருக்கிறதா, முன்னால் பேலட் அடுக்கியிருக்கிறார்களா. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள் இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். 'முள் காணவில்லை' என்று ஒருவர் அறிக்கை எழுதியதைப் படித்திருக்கிறேன்.

கேள்வி: சான்றிதழ் படிப்பில் எது சிறந்தது?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி (கழிவுநீர்ப் பிரிவு): எங்கள் தொட்டியில் நாற்றமே இல்லை. கேஸ் மீட்டர் இல்லாமல் 10 நிமிஷம் இறங்கி ஏறலாமா?

பதில்: கூடாது. மூக்கை நம்பி இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை மாதிரி நாறும். 100 பிபிஎம் அளவை (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) எட்டும்போது மோப்பம் மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். நைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது. அது ஆக்சிஜனைத் தள்ளிவிட்டால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் ஆள் சரிவார்.

மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். முதலில் ஆக்சிஜன்: 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்து எரிவாயு: தீப்பற்றும் கீழ் வரம்பில், அதாவது காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில், 10 சதவீதத்தைத் தொடக் கூடாது. கடைசியாக நச்சு வாயு. இந்த வரிசைக்குக் காரணம், ஆக்சிஜன் குறைவாக இருந்தால் எரிவாயு சென்சார் பல மீட்டர்களில் சரியாகக் காட்டாது. உள்ளே ஆள் இருக்கும் வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், மேலே ஒருவர் நிற்கட்டும். மேலே நிற்பவர் எக்காரணம் கொண்டும் உள்ளே குதிக்கக் கூடாது. தொட்டிச் சாவுகளில் இரண்டாவது, மூன்றாவது உடல் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்களுடையது.

கேள்வி: 5 நிமிஷ வேலைதான், பிரேக்கர் ஆஃப். இதற்கும் பூட்டு வேண்டுமா?

பதில்: வேண்டும். அப்புறம் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்.

கேள்வி (உற்பத்தி மேலாளர்): 88 சதவீத விபத்துக்குத் தொழிலாளியின் தவறான செயல்தான் காரணம் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் காட்டுகிறார்கள். அப்படியானால் மெஷினைச் சுற்றி வருவதைவிட ஆட்களைக் கண்காணிப்பதுதானே சரி?

பதில்: இந்த 88 எங்கிருந்து வந்தது தெரியுமா? காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹைன்ரிக் என்பவர் 1931இல் எழுதியது. விபத்து அறிக்கைகளைப் படித்துப் பிரித்தார். அந்த அறிக்கைகளை எழுதியது பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள். தன் ஷிஃப்டில் கை போனால் எந்த மேற்பார்வையாளர் 'கார்டு வாங்கித் தரவில்லை' என்று எழுதுவார்? மூல ஆவணங்களும் இன்று கிடைப்பதில்லை, யாரும் சரிபார்க்க முடியாது. எந்த விபத்திலும் கடைசி நொடியில் ஒரு ஆளின் கை இருக்கத்தான் செய்யும். அங்கேயே விசாரணையை நிறுத்தினால் 88 என்ன, 100 வரும்.

கேள்வி (பாதுகாப்புத் துறையில் 9 வருஷம்): ஆனால் அவருடைய முக்கோணம் சரிதானே சார்? 1 பெரிய காயம், 29 சிறு காயம், 300 காயமில்லாச் சம்பவம். அடியைக் குறைத்தால் நுனி குறையும்.

பதில்: ஒரே காரணத்தால் வரும் சம்பவங்களுக்கு ஓரளவு பொருந்தும். விரல் கீறலைக் குறைத்தால் ரியாக்டர் வெடிக்காது என்று நம்புவதுதான் வில்லங்கம். அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பு, 2005: 15 பேர் இறந்தார்கள். தனிநபர் காய எண்ணிக்கையை வைத்துப் பாதுகாப்பை அளந்து ஏமாந்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுக் குழு சொன்னது. அங்கே ஒரு கோபுரம் நிரம்பி வழியும்போது மட்டம் காட்டும் கருவி இறங்குவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மேடை, 2010 ஏப்ரல் 20: 7 வருஷம் பெரிய காயமே இல்லை என்று பாராட்ட அதிகாரிகள் வந்திருந்த அன்றே வெடித்தது, 11 பேர் இறந்தார்கள்.

கேள்வி (மீண்டும் உற்பத்தி மேலாளர்): அப்படியானால் ஆளுக்குப் பொறுப்பே இல்லை என்கிறீர்கள்.

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. குடித்துவிட்டு வருபவரை நானே வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒரு விதியை மூன்று ஷிஃப்டிலும் மூன்று வெவ்வேறு ஆட்கள் மீறுகிறார்கள் என்றால், மூன்று பேரின் குணத்தை ஆராய்வீர்களா, அந்த இடத்தை ஆராய்வீர்களா?

கேள்வி (ஃபிட்டர்): எங்கள் ஆலையில் ஹெல்மெட் போடாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். நாங்கள் ஏறி வேலை செய்யும் மேடையில் நாலு மாதமாகக் கைப்பிடிக் கம்பி இல்லை. அதற்கு யாரிடம் பிடிப்பது?

பதில்: இதைத்தான் சொல்கிறேன். மேடைக்கம்பி ஏறக்குறைய 1.1 மீட்டர் உயரம், நடுவில் ஒரு கம்பி, கீழே பொருள் உருளாமல் ஒரு தடுப்புப் பட்டை வேண்டும். தேதியோடு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வரும் வரை பாதுகாப்பு பெல்ட் மாட்டாமல் ஏறாதீர்கள்.

கேள்வி (உற்பத்தி மேலாளர்): கம்பிக்கும் நான் கேட்டதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அவர் விழுந்தால் அறிக்கையில் 'தொழிலாளி கவனக்குறைவாகக் கால் வைத்தார்' என்று எழுதுவார்கள். உங்கள் 88இல் ஒன்று கூடும். அதுதான் சம்பந்தம்.

கேள்வி (ரசாயனக் கிடங்கு): நீங்கள் சண்டையை முடித்ததும் சொல்லுங்கள், நான் ஒரு மணி நேரமாக ஐவாஷ் (கண் கழுவும் குழாய்) பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதில்: மன்னிக்கவும். ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து 10 விநாடியில் எட்ட வேண்டும், 15 நிமிஷம் விடாமல் தண்ணீர் வர வேண்டும். வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள், தேங்கிய துரு வெளியே போகும். கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். அமிலம் பட்டவருக்குக் கண் தெரியாது. வழியில் ஒரு டிரம் இருந்தால்கூடப் போய்ச் சேர மாட்டார்.

கேள்வி: மாவு ஆலையில் உத்தரத்தின் மேல் தூசி எவ்வளவு இருக்கலாம்?

பதில்: சுமார் 0.8 மில்லிமீட்டர், அதாவது ஒரு பேப்பர் கிளிப் கனம், பரவலாகப் படிந்திருந்தாலே அபாயம். உத்தரத்தில் விரலால் எழுதிப் பாருங்கள், எழுத்து தெரிந்தால் துடைக்கும் வேலை இருக்கிறது. முதலில் ஒரு சின்ன வெடிப்பு நடக்கும். அந்த அதிர்ச்சியில் மேலே படிந்ததெல்லாம் காற்றில் எழும்பும். இரண்டாவது வெடிப்புதான் கட்டடத்தைப் பிளக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2008இல் ஒரு சர்க்கரை ஆலையில் இப்படித்தான் 14 பேர் போனார்கள். காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். அது வெடிமருந்தைத் தூவுவதற்குச் சமம்.

கேள்வி: அறிக்கை எழுதுவது எப்படி? எங்களுடையதை யாரும் படிப்பதில்லை.

பதில்: 'சுத்தம் திருப்தியாக இல்லை' என்று எழுதினால் நானும் படிக்க மாட்டேன். '2ஆம் பிரஸ்ஸின் இடதுபக்கக் கதவு திறந்திருக்கும்போதே மெஷின் ஓடுகிறது' என்று எழுதுங்கள். யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் என்று போடுங்கள். 'கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது' என்ற பதிலோடு எந்தக் குறையையும் மூடவிடாதீர்கள்.

கேள்வி: ஃப்யூஸையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போதுமா பட்டனை அழுத்த வேண்டும்?

பதில்: ஆமாம். எந்த மெஷினின் ஃப்யூஸைக் கழற்றினீர்கள் என்று வேறு எப்படித் தெரியும்?

கேள்வி (முதல் கேள்வி கேட்டவர்): சார், காத்திருக்காமல் இன்றைக்கே போய் 15 நிமிஷம் நின்றேன். எங்கள் கன்வேயரிலும் அதே மாதிரி ஒரு கொக்கி! உடனே பறிமுதல் செய்து என் அறையில் பூட்டிவிட்டேன்.

பதில்: ஏன் என்று கேட்டீர்களா? கேட்காமல் எடுத்திருந்தால், உருளையில் சரக்கு இன்னமும் அப்பிக்கொண்டுதான் இருக்கும். இன்று ராத்திரி கொக்கி இல்லாமல் கையை விடுவார்கள். உடனே ராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, துடைக்க வேண்டுமென்றால் பெல்ட்டை நிறுத்திப் பூட்டிவிட்டுச் செய்யட்டும், உற்பத்தி குறைந்தால் நான் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். காலையில் ரப்பர் பட்டையைப் போய்ப் பாருங்கள்.