பதில்: காமர்ஸ் படித்துவிட்டு பி.சி.ஏ. சேர்கிறேன், அல்ஜீப்ராவை எங்கிருந்து தொடங்குவது?

பத்தாவதோடு கணக்கை விட்டுவிட்டேன், கல்லூரி திறக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது, பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அதை இப்போதைக்கு மூடி வையுங்கள். நீங்கள் போட்டுக் காட்டிய கணக்கில் எக்ஸ் பிளஸ் 3 ஹோல் ஸ்கொயரை எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 9 என்று விரித்திருக்கிறீர்கள். நடுவில் வர வேண்டிய 6எக்ஸ் எங்கே? எக்ஸுக்கு 2 போட்டுப் பாருங்கள், சரியான விடை 25, உங்களுடையது 13. சந்தேகம் வரும்போதெல்லாம் இப்படி ஒரு சின்ன எண்ணைப் போட்டுச் சரிபார்க்கிற பழக்கம் மட்டும் வந்துவிட்டால் பாதித் தவறு நீங்களே பிடித்துவிடலாம், டியூஷனுக்கு அலைய வேண்டாம்.

எட்டாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், வெட்கமே வேண்டாம். பின்னமும் மைனஸ் குறியும்தான் பெரும்பாலோரைக் கவிழ்க்கிறது. மேலே கூட்டலில் நிற்கும் 6-ஐக் கீழே இருக்கும் 6-ஓடு அடித்துவிடுவார்கள் (நானும் செய்திருக்கிறேன், அதுவும் தேர்வில்). 4 பிளஸ் 6-ஐ 6-ஆல் வகுத்தால் 4 வருமா என்ன? அப்புறம் ஒன்பதாவதில் பல்லுறுப்புக்கோவை, காரணிப்படுத்தல், பத்தாவதில் இருபடிச் சமன்பாடு. காரணிப்படுத்தலுக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள், பிறகு வருவதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

வீட்டில் சத்தம் என்றீர்களே, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. காலையிலேயே போய் இடம் பிடியுங்கள். அடுத்த கணக்கைப் போட்டுவிட்டு இங்கேயே காட்டுங்கள், பார்க்கிறேன்.