டேலி பதிவுகளை அழிக்கச் சொல்கிறார் மேலாளர்

கேள்வி: தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். முதிர்வுத் தொகையைத் திருப்பித் தராததால் நிறுவனத்தின் மேல் பொருளாதாரக் குற்றப்பிரிவில் வழக்குப் பதிவாகி, கணக்குகளைக் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. டேலி கணக்கு மென்பொருளில் சில பதிவுகளையும் வாட்ஸ்அப் குழுவையும் அழித்துவிடச் சொல்கிறார் மேலாளர். "நீ சம்பளக்காரன், உனக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. இன்றைக்கு நீங்கள் பெரும்பாலும் சாட்சி. அழித்த பிறகு குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் ஏறலாம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. நீதிமன்றத்திலோ அரசு ஊழியர் முன்போ சாட்சியமாகக் காட்ட வேண்டியிருக்கும் ஆவணத்தை, மின்னணுப் பதிவை, அப்படிக் காட்டவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு மறைத்தாலோ அழித்தாலோ 3 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. குற்றத் தடயத்தை அழிப்பதற்கு 238-ஆம் பிரிவு தனியாக உண்டு. அதில் தண்டனை, மூல வழக்கு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து ஏறும்.

அழிக்காமல் திருத்தினால்? அதிலும் தப்ப முடியாது. மோசடி நோக்கத்தோடு கணக்கை அழிப்பதும் பொய்யாக்குவதும் 344-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை போகும். அந்தப் பிரிவு தொடங்குவதே எழுத்தர், அலுவலர், ஊழியர் என்றுதான். சம்பளக்காரனுக்கு ஒன்றும் ஆகாது என்பவர் அதை ஒருமுறை படிக்கட்டும்.

இன்னொன்று, அழித்தாலும் அழியாது. நிறுவனம் கம்பெனியாகப் பதிவானதென்றால், கணக்கு மென்பொருளில் யார், என்றைக்கு, எதை மாற்றினார் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. அதில் மேலாளர் பெயர் இருக்காது, உங்கள் பயனர் பெயர்தான் இருக்கும். வாட்ஸ்அப்பும் அப்படித்தான். உங்கள் போனில் அழித்தாலும் குழுவில் உள்ள மற்றவர் போனில் கிடக்கும்.

குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை, அரசியலமைப்பின் 20(3) பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் வாய் திறக்காமல் இருப்பது வேறு, ஃபைலைக் கொளுத்துவது வேறு.

சரி, என்ன செய்வது? "நோட்டீஸ் வந்திருப்பதால் எதையும் மாற்ற இயலாது" என்று மேலாளருக்கு மெயிலில் ஒரு வரி அனுப்புங்கள். வாய்வழிப் பேச்சுக்கு நாளை அத்தாட்சி இருக்காது. அசல் ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், அதையே மறைத்ததாகச் சொல்லிவிடுவார்கள். அப்புறம், நிறுவனத்தின் வழக்கறிஞரை நம்பி உட்காராதீர்கள். அவர் முதலாளிக்காகப் பேசுபவர். உங்களுக்கென்று தனியாக ஒருவரை வைத்துக்கொண்டு விசாரணை அதிகாரியைப் பாருங்கள். மிரட்டல் இருந்தால் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் வாக்குமூலம் பதிவுசெய்யக் கேட்கலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 183-ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

ஏற்கெனவே ஏதாவது அழித்துவிட்டு அதை இந்தக் கேள்வியில் எழுதாமல் விட்டிருந்தால், அதிகாரியிடம் போகுமுன் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.