ஒரே ஓட்டில் கவிழ்ந்த ஆட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

1999-ல் வாஜ்பாய் ஆட்சி ஒரே ஓட்டில் கவிழ்ந்ததைக் கல்லூரி விடுதி டிவியில் பார்த்தவன் நான். ஒடிசா முதல்வராக இருந்த காங்கிரஸின் கிரிதர் கமாங் டெல்லிக்கு வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டதை இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. கோடிக்கணக்கான பேர் தேர்ந்தெடுத்த பிரதமரை இப்படி இறக்கிவிடலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அமெரிக்கா மாதிரி தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து, பதவிக்காலம் முழுக்க நிம்மதியாக ஆளவிட்டால் என்ன?

இரா.மு., தாராபுரம்

அன்புள்ள இரா.மு.,

கோடிக்கணக்கான பேர் வாஜ்பாயைத் தேர்ந்தெடுக்கவில்லை. லக்னோ வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அதுவும் எம்.பி.யாக. சுவரொட்டிகளைப் பார்த்தால் பிரதமர் தேர்தல் என்று ஒன்று நடப்பதுபோல இருக்கும். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. அரசியல் சட்டத்தின் பிரிவு 75, பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது. யாரை நியமிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெரும்பான்மை என்ற பேச்சே அங்கே இல்லை. அதன் மூன்றாவது உட்பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்கிறது. நீங்கள் கேட்ட சட்டம் அந்த ஒரு வரிதான். நம்பிக்கையில்லாத் தீர்மானம்கூட அரசியல் சட்டத்தில் இல்லை, மக்களவை விதி 198-ல் இருக்கிறது. மீதிப் பாதி மரபில் ஓடுகிறது.

கமாங் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது பிரிவு 101. கமாங் அப்போது எம்.எல்.ஏ. ஆகவே இல்லை. எம்.எல்.ஏ. ஆகாமலே ஆறு மாதம் அமைச்சராகவோ முதல்வராகவோ இருக்கலாம் என்கிறது பிரிவு 164. பிப்ரவரியில் முதல்வரானவர், ஏப்ரல் 17 அன்று கோராபுட் எம்.பி.யாகவே அவையில் இருந்தார். சபாநாயகர் பாலயோகி அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. சட்டப்படி பிசகில்லை. ஆனால் முதல்வராகப் பொறுப்பேற்றவுடன் எம்.பி. பதவியை விட்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அதற்காக எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டுவதும் சரியில்லை. தேசிய மாநாட்டுக் கட்சி அரசுக்கு ஆதரவு. அதன் எம்.பி. சைபுதீன் சோஸ் எதிர்த்து ஓட்டுப் போட்டார். அதிமுகவின் 18 பேர் ஆதரவை விலக்கிக்கொண்டிருக்காவிட்டால் வாக்கெடுப்புக்கே வேலை இருந்திருக்காது. ஒரு ஓட்டு வித்தியாசத்தில், அந்த 270 பேரில் யாரைக் கைகாட்டினாலும் 'அவரால்தான்' என்று சொல்லிவிடலாம்.

இதே கதை லண்டனில் 1979 மார்ச் 28 அன்று நடந்தது. பிரிட்டிஷ் பிரதமர் காலகனின் அரசு 310-க்கு 311 என்று தோற்றது. அவருடைய தொழிற்கட்சி எம்.பி. ஆல்பிரட் பிராட்டன் சாகக் கிடந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுவரலாமா என்று யோசித்தார்கள். காலகன் வேண்டாம் என்றார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பக்கம் ஒருவர் வர முடியாவிட்டால் அந்தப் பக்கமும் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்வார். தொழிற்கட்சியின் துணைக் கொறடா வால்டர் ஹாரிசன் அதைக் கேட்டுப் போனார். கன்சர்வேடிவ் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரில், நம்பிக்கை வாக்கெடுப்புக்கு அந்த வழக்கம் பொருந்தாது, எங்கள் ஆட்களில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், ஆனால் கொடுத்த சொல் இருக்கிறது, நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்றார். அப்படிச் செய்தால் அவருடைய அரசியல் வாழ்க்கையே முடிந்துவிடும் என்று தெரிந்த ஹாரிசன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சரி என்றிருந்தால் ஓட்டுகள் சமமாகியிருக்கும். பிராட்டன் சில நாட்களில் இறந்துபோனார்.

அமெரிக்க முறையைப் பற்றி அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே பேசிவிட்டார். நிலைத்தன்மையும் பொறுப்பும் ஒரே அளவில் கிடைக்காது, அமெரிக்காவில் முன்னது அதிகம், பிரிட்டனில் பின்னது அதிகம் என்றார். கேள்வி நேரம், தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம் என்று அரசை நாள்தோறும் எடைபோடுவது, தேர்தலுக்குத் தேர்தல் எடைபோடுவதைவிடப் பலன் தரும் என்றார். ஒரு ஓட்டில் கவிழ்வது அதற்கு நாம் கொடுக்கும் விலை. எனக்கு அது கட்டுபடியாகிற விலையாகத்தான் தெரிகிறது.

என் கவலை வேறு. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகலாம். ஆயாராம் கயாராம்களை அடக்க வேறு வழி இல்லை என்றார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? 2017 பிப்ரவரியில், எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் அதிமுக எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் நாள்கணக்கில் இருந்துவிட்டு நேராகச் சட்டமன்றத்துக்கு வந்தார்கள். ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, திமுகவினர் வெளியேற்றப்பட்டார்கள், 122-க்கு 11 என்று முடிந்தது. அம்பேத்கர் சொன்ன எடைபோடுதல் இதில் எங்கே இருக்கிறது? நம் அவைகளில் பெரும்பான்மை அரசு கவிழும் என்ற பயமே போய்விட்டது.

உங்கள் ஆதங்கத்துக்கு மருந்து வேண்டுமென்றால் ஜெர்மனியைப் பாருங்கள். அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி, அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை இறக்க முடியும். 1982 அக்டோபரில் பிரதமர் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். இங்கே 1999-ல் அந்த 270 பேரால் ஒரு பெயரில் ஒன்றுசேர முடியவில்லை. 272 பேர் ஆதரவு இருக்கிறது என்றார் சோனியா காந்தி, சமாஜ்வாதி கட்சித் தலைவர் முலாயம் சிங் கைவிரித்தார், 26-ஆம் தேதி மக்களவை கலைந்தது. கார்கில் போரையே காபந்து அரசுதான் நடத்த வேண்டியிருந்தது.

ஆனால் ஜெர்மன் முறையிலும் சிக்கல் உண்டு. பெரும்பான்மை இல்லாத அரசு, மாற்று ஆள் கிடைக்காத ஒரே காரணத்தால் எதையும் நிறைவேற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும். நம்மவர்கள் அந்த ஏப்ரலில் பரவாயில்லை. ஆட்சியைக் கவிழ்த்த அதே அவை, கலைவதற்கு முன் அந்த அரசின் பட்ஜெட்டை விவாதமே இல்லாமல் நிறைவேற்றிக் கொடுத்தது. அப்படிச் செய்யச் சொல்லி எந்தப் பிரிவும் கிடையாது.