‘சோர்ந்துபோனேன்’ என்று யாரிடம் சொல்வேன்?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 63. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவருக்கு 67; வங்கியில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று இருவருமே பல வருடங்கள் ஜெபித்தோம். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளாண்டயர் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து 14 மாதங்கள் ஆகின்றன. இரண்டு வருடம் என்று பேச்சு. அவர் மிஷன் மருத்துவமனையில் கணக்குப் பார்க்கிறார். நான் பெண்களுக்குத் தையலும் பிள்ளைகளுக்கு வாசிப்பும் சொல்லிக்கொடுக்கிறேன்.

இங்குள்ளவர்களிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் என்னை ‘அகோகோ’ என்கிறார்கள். பாட்டி என்று பொருள். ஆனால் சென்னையில் இருக்கும் என் நான்கு வயதுப் பேரனிடம் பேச முடிவதில்லை. இங்கே மாலை ஆறு மணிக்கு நான் ஓய்ந்து உட்காரும்போது அங்கே ஒன்பதரை. அவன் தூங்கியிருப்பான்.

வீட்டு வேலையே பெரும்பாடு. ஒரு வகை ஈ காயப்போட்ட துணியில் முட்டையிடும். அதை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கட்டியாக வீங்கும். அதனால் உள்ளாடை முதல் துண்டு வரை எல்லாவற்றையும் சூடாகத் தேய்த்தாக வேண்டும். பல நாள் மின்சாரம் இருக்காது. கரிப்பெட்டியை ஊதி ஊதித் தேய்க்கிறேன். போன வாரம் அவருடைய சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது காரணமே இல்லாமல் அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை.

வந்த இரண்டாம் மாதத்திலிருந்தே தூக்கம் கெட்டுவிட்டது. கெட்ட கனவு கண்டு மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன். மலேரியாவுக்கு வாரம் ஒரு மாத்திரையும் சர்க்கரைக்குத் தினமும் மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

மகளுக்கு மூன்று மாதத்தில் இரண்டாவது பிரசவம். இந்த நேரத்தில், இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக அவர் என்னைக் கேட்காமலே எங்களை அனுப்பியவர்களிடம் சொல்லிவிட்டார். “ஆண்டவர் திறந்த வாசலை நாம் அடைக்கலாமா?” என்கிறார். மாதா மாதம் சபைக்கு ஜெபக் கடிதம் எழுதுவது நான்தான். அதில் எல்லாம் ஸ்தோத்திரமாகவே இருக்கும். சோர்ந்துவிட்டேன் என்று எழுதினால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

— ஒரு சகோதரி, மலாவி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சபைக்கு எழுத முடியாத ஜெபக் கடிதத்தைத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த மாத்திரை. வாரம் ஒருமுறை சாப்பிடுவது என்றால் அது மெஃப்ளோகுயினாக இருக்கலாம், அட்டையைப் பாருங்கள். கெட்ட கனவு, தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை அது சிலருக்கு உண்டாக்கும். 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன்மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மலேரியா விளையாட்டான நோய் அல்ல. ஆனால் இந்த வாரமே மருத்துவரிடம் அழுகையையும் கனவையும் ஒளிக்காமல் சொல்லி, மாற்று மருந்து கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்றவை இருக்கின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள் என்றால் வைட்டமின் பி12 அளவையும், கூடவே தைராய்டையும் பார்த்துவிடுங்கள். 14 மாதமாக உங்கள் விசுவாசத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். உடம்பை யாரும் விசாரிக்கவே இல்லை. எப்போதாவது உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், மறு வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் “போதும் கர்த்தாவே” என்று படுத்துவிட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் ஆண்டவர் அவரோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது, உங்கள் கணவர் சொல்லிவிட்ட சம்மதம். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்குக் கப்பல் ஏறியதை நாம் ஞாயிறு பள்ளியிலேயே படித்தோம். அவர் மனைவி டாரத்தி முதலில் வர மறுத்தவர். வற்புறுத்தலுக்குப் பிறகு, தங்கையும் கூட வந்தால்தான் வருவேன் என்று இணங்கினார். மறு வருடமே ஐந்து வயது மகன் பேதுரு நோயில் இறந்தான். டாரத்தியின் மனம் அதன் பிறகு நிலைகொள்ளவே இல்லை. அந்த நிலையிலேயே 1807-ல் செராம்பூரில் இறந்தார். உங்களுக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் விரும்பி வந்தவர். ஆனால் நீங்கள் ஒத்துக்கொண்டது இரண்டு வருடத்துக்கு. அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்களை இன்னும் யாரும் கேட்கவில்லை. இருவராகப் போன ஊழியத்தில் ஒருவர் மட்டும் வாசலைத் திறக்க முடியாது. இதை அவரிடம் கோபமில்லாமல், ஆனால் இதே தெளிவோடு சொல்லுங்கள்.

அவரை நான் கெட்டவராக நினைக்கவில்லை. 35, 40 வருடம் காலையில் ஒருவர் வங்கிக்கும் ஒருவர் பள்ளிக்கும் போய், இரவில் சந்தித்து வாழ்ந்தவர்கள் நீங்கள். இப்போது அவருக்கு மறுபடி ஓர் அலுவலகமும் மேசையும் கிடைத்திருக்கின்றன. உங்களுக்கோ வகுப்போடு கரிப்பெட்டியும் சேர்ந்துகொண்டது. அவர் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது துணி மடித்து அலமாரியில் இருக்கிறது. நீங்கள் அழுதது அவருக்கு எப்படித் தெரியும்?

மகளின் பிரசவத்துக்குப் போய்வாருங்கள். அதற்குப் பெயர் ஓடிப்போவது அல்ல. பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் அது. தையல் வகுப்பு இரண்டு மாதம் உங்களுக்காகக் காத்திருக்கும். நீட்டிப்பைப் பற்றிய முடிவை, பேரப்பிள்ளையைக் கையில் வாங்கி, நாலு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகு எடுங்கள். அதுவரை பதில் நிலுவையில் இருக்கிறது என்று அனுப்பியவர்களுக்கு அவரே எழுதட்டும். பேரனிடம் பேச மாலைக்குக் காத்திருக்காதீர்கள். உங்களுக்குப் பகல் ஒரு மணி என்றால் அவனுக்கு நாலரை. விளையாடப் போகும் முன் பிடித்துவிடலாம்.

இந்த வாரத் துணியில் பாதியை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அவர் கரிப்பெட்டியை ஊதித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு எழுதிய கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.